என் பின்னலில் இன்னொருவர் கை: தில்லியில் முதல் சுவெட்டர் பின்னியவர்களின் அனுபவங்கள்

ஆர்.கே. புரம் வாசி

டிசம்பர் வெயிலில் குடியிருப்புப் புல்தரையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காரும் வழக்கத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராகச் செய்திக்கு வருகிறேன். என் முதல் சுவெட்டரின் பின்பக்கம் பார்டர் முடிந்து, அக்குளை நெருங்கும் உயரம் வரை வளர்ந்திருந்தது. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் அதைக் கையில் வாங்கி, அடி விளிம்பை இருபுறமும் இழுத்துப் பார்த்தார். "பேட்டி (மகளே), இது உடம்பில் ஏறாது" என்று இந்தியில் சொல்லிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் சலாயை (பின்னல் ஊசியை) உருவி எடுத்துவிட்டார். ஒரு வரிசை முழுவதும் கண்ணிகள் (நூல் வளையங்கள்) பிடிமானமின்றித் திறந்து நின்றதை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் நூலின் நுனியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, பரிவும் இல்லை, வெங்காயம் உரிப்பவரின் முகமாகவே இருந்தது.

பிறகு இரண்டு சலாய்களைச் சேர்த்துப் பிடித்து அவற்றின்மேல் முதல் வரிசைக் கண்ணிகளை ஏற்றி, ஒரு சலாயை உருவிவிட்டு, தளர்வான விளிம்புடன் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த விளிம்பிலிருந்து பின்னிய சுவெட்டரை என் கணவர் இன்றும் குளிர்காலம் முழுவதும் அணிகிறார். ஆனாலும் யாராவது அதைப் பாராட்டும்போதெல்லாம், அந்த அம்மையார் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற எண்ணம்தான் முதலில் எழுகிறது.

மயூர் விஹார், ஓய்வு பெற்றவர்

அந்த அம்மையார் செய்தது முழுக்க முழுக்கச் சரி என்பது என் கருத்து. முதல் வரிசையை இறுக்கமாக ஏற்றினால் மேலே எவ்வளவு அழகாகப் பின்னினாலும் அடி விளிம்பு விரியாது; அதைப் பின்னாளில் சரிசெய்வது புதியவர்களால் ஆகிற காரியம் இல்லை. கேட்டிருந்தால் தாங்கள் மறுத்திருப்பீர்கள்.

என் அனுபவம் சிறியது. அமெரிக்காவிலிருக்கும் என் அண்ணன் மகள் அனுப்பிய பின்னல் குறிப்பில் 8ஆம் எண் ஊசி என்று போட்டிருந்தது. கரோல் பாகில் ஒரு கடைக்குச் சென்று அதைக் கேட்டேன். "மேடம் வரவில்லையா?" என்று முதலில் விசாரித்த கடைக்காரர், பின்னப் போவது நான்தான் என்றதும் குறிப்பை வாங்கிப் படித்தார், எடுத்து வைத்த 8ஆம் எண்ணை மீண்டும் டப்பாவில் போட்டுவிட்டு 6ஆம் எண்ணை என் கையில் வைத்தார். நான் எவ்வளவு வாதாடியும் 8ஐ விற்க அவர் உடன்படவில்லை. கோபத்துடன் வீடு திரும்பிய பிறகுதான் விவரம் புரிந்தது. நம் கடைகளில் வழங்குவது பழைய பிரிட்டிஷ் எண்முறை; அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க முறையில் எண் ஏற ஏற ஊசி பருக்கும். நம்முடைய 8 என்பது 4 மி.மீ.; அவர்களுடைய 8 என்பது 5 மி.மீ., அதாவது நம் ஊர் 6. ஆகவே எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள்.

இதோடு தொடர்புடைய இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புதியவர்கள் அளவு பார்க்கும் மாதிரித் துண்டு பின்னாமலே சுவெட்டரைத் தொடங்கிவிடுகிறார்கள். சுமாரான பருமனுள்ள நூலில், 4 மி.மீ. ஊசியில், 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் என்று குறிப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்புச் சுற்றளவு 100 செ.மீ. வர வேண்டுமென்றால் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து 220 கண்ணிகள் ஆகின்றன. தங்கள் கை சற்றுத் தளர்வாக இருந்து 10 செ.மீ.க்கு 20 கண்ணிகள்தான் விழுகின்றன என்றால், அதே 220 கண்ணிகள் 110 செ.மீ. ஆகிவிடும். ஒரு கண்ணி, இரண்டு கண்ணி என்று அலட்சியம் செய்யும் வேறுபாடு, முடிவில் அரைச் சாண் அளவுக்குச் சற்றே குறைவான தொய்வாக வந்து நிற்கிறது. கை தளர்வென்றால் ஓர் எண் மெல்லிய ஊசிக்கும், இறுக்கமென்றால் ஓர் எண் பருத்த ஊசிக்கும் மாறுங்கள். கையின் இயல்பை மாற்ற முயலாதீர்கள். துண்டு 10 செ.மீ.க்குக் குறையாமல், இயன்றால் 15 செ.மீ. சதுரமாக இருக்கட்டும், ஓரக் கண்ணிகள் சுருண்டு அளவைக் கெடுக்கும் என்பதால் நடுவில் அளவுகோலை வைத்து எண்ணுங்கள். பார்டருக்கு உடல் பகுதியைவிட மெல்லிய ஊசி வேண்டும்; உடலுக்கு 10, பார்டருக்கு 12 என்பது இங்குள்ள பெண்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு.

மெட்ரோ பயணி

மேலே எழுதிய பெரியவரின் கணக்கில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. "கேட்டிருந்தால் மறுத்திருப்பீர்கள்" என்பதில்தான் இருக்கிறது. மறுக்கும் உரிமை பின்னுகிறவருக்கு உண்டல்லவா?

மஞ்சள் தடத்தில் பெண்கள் பெட்டியில் பின்னிக்கொண்டு வந்தபோது என் கையிலிருந்த முன்பக்கத்தில் ஒரு கண்ணி நழுவி, பல வரிசைகள் கீழே வரை ஏணிபோல் பிரிந்து போனது. எதிர் இருக்கையிலிருந்த பெண்மணி ஒருவர் எழுந்து வந்து, "ஃபந்தா விழுந்துவிட்டது, நான் கை வைக்கலாமா?" என்று கேட்டார். நான் தலையசைத்த பிறகே பையிலிருந்து நுனியில் கொக்கியுள்ள குரோஷா ஊசியை எடுத்தார். நழுவிய கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக ஊசியை நுழைத்து, அதற்கு நேர் மேலே குறுக்காகக் கிடந்த இழையைப் பற்றிக் கண்ணியின் வழியே இழுத்தார். அது புதிய கண்ணியாயிற்று. வண்டி ராஜீவ் சௌக்கை அடைவதற்குள் ஒவ்வொரு படியாக மேலே ஏறிவந்து கண்ணியைச் சலாயில் சேர்த்துவிட்டு, கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டார். பார்டரில் உல்டா, அதாவது தலைகீழ்க் கண்ணி நழுவினால் என்ன செய்வது என்று கேட்க நினைத்தேன், கதவு மூடிவிட்டது. (துணியைத் திருப்பிப் பிடித்தால் உல்டாவும் சீதா, அதாவது நேர்க் கண்ணி, ஆகிவிடும், அதே முறைதான் என்பதைப் பின்னர் நானே கண்டுகொண்டேன்.) இன்றும் அந்தத் தடத்தில் செல்லும்போது எதிர் இருக்கையைப் பார்க்கத் தவறுவதில்லை.

செக்டர் 7

மலை மந்திர் படிகளில் ஏறிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த சிறுமி, "ஆன்ட்டி, உங்கள் சுவெட்டரில் கை மட்டும் பழசா?" என்று கேட்டாள். வீட்டின் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரே மெரூனாகத் தெரிந்தது, வெயிலில் இரண்டு மெரூனாகப் பிரிந்து நின்றது. நூல் குறைந்தபோது கூடுதல் உருண்டைகள் வாங்கிய கடையில், நிற எண் ஒன்றுதான், வேறுபாடே இருக்காது என்று உறுதி கூறியிருந்தார்கள். நிற எண் ஒன்றாக இருந்தாலும் சாயமேற்றிய லாட் (ஒரே முறையில் சாயமிட்ட தொகுதி) வேறானால் நிறம் சற்று மாறும் என்பதைச் சிறுமியின் தாயார்தான் அங்கேயே, நடுப்படியில் நின்று, என் முழங்கையைப் பிடித்துக் காட்டி விளக்கினார். சாமி கும்பிடும்போதும் என் கண் கையிலேயே இருந்தது. வேறு வழியில்லாமல் இரண்டு லாட்டுகளைக் கலக்க நேர்ந்தால், பழைய உருண்டையில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னினால் கோடு தெரியாது என்றும் அவர் சொன்னார்.

கரோல் பாக், இரண்டாவது சுவெட்டரில் இருப்பவர்

ஓய்வு பெற்ற ஐயாவுக்கு ஒரு திருத்தம். மாதிரித் துண்டைப் பின்னியவுடன் அளப்பது போதாது. சுவெட்டரை எப்படித் துவைக்கப் போகிறோமோ அப்படியே துண்டையும் துவைத்து, தட்டையாகப் பரப்பி உலர்த்தி, அதன் பிறகு அளக்க வேண்டும். அசல் கம்பளி நூல் நனைந்ததும் சற்றுத் தளர்ந்து பரவக்கூடும். வெந்நீரில் போட்டுக் கசக்கினாலோ இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுருங்கிக் கெட்டியாகிவிடும். அதை மீட்கவே முடியாது.

இங்கே நம்மில் பலர் விலை கருதியும் துவைக்கும் வசதி கருதியும் வாங்குவது அக்ரிலிக் நூல். அதற்கு வேறு ஆபத்து இருக்கிறது. சுவெட்டரை முடித்த மகிழ்ச்சியில் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கொடுத்திருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஈரத்துணி போட்டு, கரிப்பெட்டியை அதன்மேல் அழுத்திவைத்திருந்தார். பெட்டியைத் தூக்கியதும் பார்டரின் மேடுபள்ளங்கள் மறைந்து ஈரக் காகிதமாக அது தரையை நோக்கித் தொங்கியது. "எவ்வளவு வழவழப்பாக வந்திருக்கிறது பாருங்கள்" என்று அவர் பெருமையுடன் தூக்கிக் காட்டினார். அக்ரிலிக் சூட்டில் இளகி, இழையின் துள்ளலை இழந்துவிடும்; எத்தனை முறை துவைத்தாலும் அது திரும்பாது. அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கூலியைக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது பின்னும் சுவெட்டரைக் குளிர்ந்த நீரில் அலசி, துவாலையில் சுருட்டிப் பிழிந்து, கட்டில்மேல் விரித்துக் காயவைப்பதாக இருக்கிறேன். ஆர்.கே. புரம் சகோதரி, உங்கள் கணவரின் சுவெட்டர் எந்த நூல் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.