பியர் கிளெமென்டியின் 'சொலெய்': பிரெஞ்சு தெரிந்தவர்கள் கொஞ்சம் கை கொடுங்களேன்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர்த் திரைப்பட வட்டத்தில் பிரெஞ்சு நடிகர் பியர் கிளெமென்டி 1988இல் எடுத்த 'சொலெய்' குறும்படத்தைத் திரையிட ஆசை. இயக்குநர் புனுவேலின் 'பெல் த ஜூர்' படம் பார்த்தவர்களுக்கு ஆளைத் தெரிந்திருக்கும். தோல் கோட்டு, உலோகப் பல், ஓட்டை விழுந்த சாக்ஸோடு வருவாரே, அந்த ரௌடிப் பையன்! இத்தாலிய இயக்குநர்கள் பசோலினி, பெர்டொலூச்சி படங்களிலும் நடித்தவர். கூடவே 16 எம்எம் கேமராவில் தனக்கென்று படம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

1971இல் ரோமில் போதைப்பொருள் வழக்கில் பிடித்து உள்ளே தள்ளினார்கள். ஒரு வருடத்துக்கும் மேல் சிறை. கடைசியில் ஆதாரம் போதாமல் விட்டுவிட்டார்கள். அதைப் பற்றி 1973இல் புத்தகமே எழுதினார். அந்தக் காயம்தான் 'சொலெய்' முழுக்க. பிம்பத்தின் மேல் பிம்பமாக ஏறிக்கொண்டே போகும், கதையைத் தேடினால் தலைதான் வலிக்கும். (எனக்கு அவர் நடித்தவற்றைவிட எடுத்தவைதான் பிடிக்கும். சண்டைக்கு வராதீர்கள்.)

சிக்கல் என்னவென்றால், அவர் குரலில் ஓடும் பிரெஞ்சுப் பேச்சு எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது. பாண்டிச்சேரி நண்பர்கள் யாராவது கேட்டு எழுதித் தர முடியுமா? தமிழ் சப்டைட்டிலை நானே போட்டுக்கொள்வேன். இன்னொன்று: திரையிடல் அனுமதிக்கு யாரிடம் போக வேண்டும்? பாரிஸில் இருக்கும் பொம்பிதூ கலை மையத்துக்கே எழுதலாமா, இல்லை இங்குள்ள பிரெஞ்சு மொழி, பண்பாட்டு அமைப்பான அலியான்ஸ் பிரான்சேஸ் வழியாகப் போவது சுலபமா? இதுபோல் அனுமதி வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். திருட்டுப் பிரதி லிங்க் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.