சிடி, எலும்பு ஸ்கேன் இரண்டிலும் பரவல் இல்லை. அறுவைக்கு முன் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எதற்கு?

மெல்போர்ன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். 68 வயதான என் அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் உறுதியாகியுள்ளது. ரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் புரதமான பிஎஸ்ஏ 26, பயாப்சியில் புற்றின் வீரியத்தைக் குறிக்கும் கிளீசன் எண் 4+4. சிடி ஸ்கேனிலும் எலும்பு ஸ்கேனிலும் பரவல் இல்லை என்று அறிக்கை வந்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆனால் அறுவைக்கு நாள் குறிக்கும் முன் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனும் எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். இரண்டு ஸ்கேன்கள் இல்லை என்றதை மூன்றாவது எப்படி மாற்றிச் சொல்லும்? அதிலும் ஒன்றும் தெரியாவிட்டால், நிணநீர்க் கணுக்களைத் தொடாமல் புராஸ்டேட்டை மட்டும் அகற்றினால் போதுமா? "இன்னும் எத்தனை தடவைதான் போய்ப் படுப்பது?" என்று அப்பா சலித்துக்கொள்கிறார்.

அணுமருத்துவப் பணியாளர்:
சகோதரி, மூன்று ஸ்கேன்களும் ஒரே பொருளைத் தேடுவதில்லை. சிடி ஸ்கேன் கணுவின் அளவைப் பார்க்கிறது. சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை பருத்தால்தான் அதைச் சந்தேகிப்பார்கள், நோய் புகுந்த கணுக்கள் பலவும் அந்த அளவை எட்டுவதே இல்லை. எலும்பு ஸ்கேன் காட்டுவதோ புற்றணுவை அன்று. அது பாதித்த இடத்தில் எலும்பு புதிதாக உருவாவதைத்தான். அதனால் மூட்டுத் தேய்மானமும் பழைய முறிவும்கூட அதில் ஒளிரும். பிஎஸ்எம்ஏ என்பது பெரும்பாலான புராஸ்டேட் புற்றணுக்களின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் ஒரு புரதம். அதைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறில் காலியம்-68 அல்லது ஃபுளோரின்-18 என்னும் கதிரியக்கப் பொருளை இணைத்து ஊசியாகச் செலுத்தினால், அது சேரும் இடங்களைப் பெட் கருவி படமாக்கும். அதனால் கணு சிறிதாக இருந்தாலும் நோய் தெரிய வாய்ப்பு உண்டு.

இதற்கான முக்கியச் சான்று உங்கள் நாட்டிலிருந்தே வந்தது. மெல்போர்னின் பீட்டர் மெக்கல்லம் புற்றுநோய் மையம் முன்னின்று, ஆஸ்திரேலியாவின் பத்து மருத்துவ மையங்களில், உங்கள் அப்பாவைப் போன்ற உயர் இடர் நோயாளிகள் 302 பேரிடம் நடத்திய புரோபிஎஸ்எம்ஏ ஆய்வு 2020இல் லான்செட் இதழில் வெளிவந்தது. பரவலைச் சரியாகக் கணிப்பதில் சிடியும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65 விழுக்காடும், பிஎஸ்எம்ஏ பெட் 92 விழுக்காடும் துல்லியம் காட்டின. கதிர்வீச்சும் குறைவு: 19.2 மில்லிசீவர்ட்டுக்கு எதிராக 8.4. இதையே முதலில் எடுத்திருந்தால் அப்பா மற்ற இரண்டுக்கும் போய்ப் படுத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

சிறுநீரக அறுவை மருத்துவர்:
இரண்டாம் கேள்விக்கு என் பதில்: அப்படிக் கொள்ளக் கூடாது. கலிபோர்னியாவின் இரு பல்கலைக்கழகங்களில் காலியம் வகை ஸ்கேன் எடுத்த பின் அறுவை செய்துகொண்ட 277 பேரின் கணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து ஒப்பிட்டபோது, கணுக்களில் உண்மையில் நோய் இருந்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் மட்டுமே ஸ்கேன் அதைக் காட்டியிருந்தது. நோய் இல்லாதவர்களில் 95 விழுக்காட்டினருக்கு இல்லை என்று சரியாகவே சொன்னது. ஓரிரு மில்லிமீட்டர் படிவுகள் எந்தக் கருவிக்கும் தப்பிவிடும். இந்தப் புரதத்தை அதிகம் வெளிப்படுத்தாத புற்றுகளும் உண்டு. ஆகவே ஸ்கேன் வெறுமையாக வந்தாலும், பிஎஸ்ஏவையும் கிளீசன் எண்ணையும் வைத்துத்தான் கணுக்களை அகற்றுவது குறித்து முடிவெடுப்போம்.

எதிர்ப்பக்கமும் கவனம் தேவை. விலா எலும்பில் ஒற்றைப் புள்ளி மங்கலாக ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் தீங்கற்றதாகவே இருக்கும். ஃபுளோரின் வகைகளில் ஒன்றான பிஎஸ்எம்ஏ-1007இல் இது அடிக்கடி நேர்கிறது. அதை மட்டும் நம்பி, குணமாகக்கூடிய ஒருவரை நான்காம் நிலை என்று முத்திரை குத்தி அறுவையைக் கைவிடுவதை நான் ஏற்க மாட்டேன். மேலும், இன்றைய சிகிச்சை நெறிகள் பலவும் பழைய ஸ்கேன்களை வைத்து நடந்த ஆய்வுகளில் பிறந்தவை. பெட்டில் மட்டும் தெரியும் சிறு பரவலுக்கு அவற்றை அப்படியே பொருத்தலாமா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அம்மா, நான் இதைச் செய்துகொண்டவன். அப்பாவிடம் சொல்லுங்கள்: எனக்குப் பட்டினி இருக்கச் சொல்லவில்லை, ஊசி போட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார்கள். மருந்து சிறுநீர்ப்பையில் தேங்கினால் பக்கத்தில் இருப்பது தெரியாதாம். கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கிடந்ததில் தோள்பட்டைதான் கடுத்தது. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சிறுநீரகங்களும் படத்தில் பளிச்சென்று எரிந்ததைக் கண்டு என் மகன் வெலவெலத்துப் போனான். அது எல்லோருக்கும் இயல்பு என்று மருத்துவர் விளக்கினார்.

மெல்போர்ன்வாசி:
மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு சிறு ஐயம். ஸ்கேனுக்கு இடம் கிடைக்கும்வரை ஹார்மோன் ஊசியைத் தொடங்கிவிடலாமா என்று அப்பா கேட்கிறார்.

அணுமருத்துவப் பணியாளர்:
மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஹார்மோன் சிகிச்சை அணுக்களில் பிஎஸ்எம்ஏவின் அளவை மாற்றக்கூடியது. நாள்பட்டால் சில புள்ளிகள் மறைந்தும் போகலாம். அத்துடன், 2022 ஜூலையிலிருந்து ஆஸ்திரேலிய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இந்தத் தொடக்கநிலை ஸ்கேனுக்குத் தரும் உதவி, இடைநிலை அல்லது உயர் இடர் கொண்ட, இன்னும் சிகிச்சை தொடங்காதவர்களுக்கு உரியது. ஸ்கேன் முடிந்த பிறகு ஊசியைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.