விண்டோஸ் ஏறவில்லை, இந்த டிஸ்க்கில் போட முடியாது என்கிறது. அவசரம்!

மண்டி_போச்சம்பள்ளி | இரவு 8:52
வணக்கம். சிஸ்டம் ரொம்ப ஸ்லோவாகிவிட்டது, ஃபார்மட் அடித்துப் புது விண்டோஸ் போடலாம் என்று உட்கார்ந்தேன். பென்டிரைவ் எல்லாம் சரியாகத்தான் ரெடி செய்தேன். டிஸ்க்கைக் காட்டும் இடம் வரை வருகிறது, அங்கே இதில் போட முடியாது என்று நின்றுவிடுகிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன். விடியற்காலை பெங்களூரா மாங்காய் லோடு வந்துவிடும், எடைச்சீட்டு போட சிஸ்டம் வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓசூர்_சர்வீஸ் | 8:58
"போட முடியாது" என்பதற்குப் பத்துக் காரணம் உண்டு. டிஸ்க் பட்டியலுக்குக் கீழே மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வரி இருக்கும், அதைத் தட்டுங்கள், முழுச் செய்தியும் வரும். போனில் படம் எடுத்துப் போடுங்கள். அப்புறம், லேப்டாப்பா டெஸ்க்டாப்பா? எந்த விண்டோஸ்? பென்டிரைவ் எந்த மென்பொருளில் செய்தது?

காரிமங்கலம்_எலக்ட்ரிகல் | 9:03
வீட்டில் ஸ்டெபிலைசர் இருக்கிறதா? எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் போகிற சிஸ்டத்தில் பாதி வோல்டேஜால்தான் போகிறது. எஸ்எம்பிஎஸ், அதாவது சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி, வீக் ஆனால் டிஸ்க் இருக்கும், ஆனால் எழுதாது. முதலில் எஸ்எம்பிஎஸ் மாற்றிப் பாருங்கள்.

பாலக்கோடு_தம்பி | 9:07
அண்ணா, ரொம்ப ஈஸி. அந்த ஸ்கிரீனிலேயே ஷிப்ட், எஃப்10 சேர்த்து அழுத்துங்கள், கறுப்பு ஜன்னல் வரும். டிஸ்க்பார்ட் என்று அடித்து, டிஸ்க் 0 செலக்ட் செய்து, கிளீன், அப்புறம் கன்வெர்ட் ஜிபிடி. ரெண்டே நிமிஷம். நான் நிறைய பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

அரூர்_டிடிபி | 9:09
ஐயா, அதை அடிக்காதீர்கள்! முதலில் டி டிரைவில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மண்டி_போச்சம்பள்ளி | 9:15
படம் போட்டிருக்கிறேன். எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, ஜிபிடி டிஸ்க்கில்தான் போட முடியும் என்று வருகிறது. டெஸ்க்டாப், ஐ3 நாலாவது தலைமுறை, 500 ஜிபி டிஸ்க். முன்பு விண்டோஸ் 7 இருந்தது, இப்போது 10 போடுகிறேன். அக்கா பையன் லேப்டாப்பில் ருஃபஸ் வைத்து பென்டிரைவ் செய்தேன். டி டிரைவில் ரெண்டு சீசன் டாலி கணக்கும் விவசாயிகளுக்குக் கொடுத்த முன்பணக் கணக்கும் இருக்கிறது. ஆனால் சி மட்டும்தானே ஃபார்மட் ஆகும், டிக்கு ஒன்றும் ஆகாதே?

பழைய_மதர்போர்டு | 9:24
இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, மாதத்துக்கு ஒருமுறை பதில் எழுதுகிறேன். முதல் பதிவிலேயே இதையெல்லாம் எழுதியிருந்தால் அரை மணி நேரம் மிச்சம். சியும் டியும் ஒரே டிஸ்க்கில் போட்ட கோடுதான், ஒரே வீட்டில் ரெண்டு அறை மாதிரி. டிஸ்க்பார்ட்டில் கிளீன் என்று சொன்னால் அது அறையைப் பார்க்காது, வீட்டையே இடித்துவிடும். தம்பி சொன்னதை அடித்திருந்தால் ரெண்டு சீசன் கணக்கும் போயிருக்கும்.
விஷயம் இதுதான். ருஃபஸ் தானாக ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்று, அதாவது புது வகை டிஸ்க் அமைப்பு, புது வகை பூட் என்று வைத்துக்கொள்ளும். உங்கள் டிஸ்க் விண்டோஸ் 7 காலத்து எம்பிஆர், பழைய அமைப்பு. ரெண்டும் ஒத்துப்போகாது. ருஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீமை எம்பிஆர் என்று மாற்றிப் பென்டிரைவை மறுபடி எழுதுங்கள், பயாஸில் லெகசி பூட், அதாவது பழைய வகை பூட், கொடுங்கள். சியில் மட்டும் ஏறும், டி அப்படியே இருக்கும்.

பாலக்கோடு_தம்பி | 9:27
சாரி அண்ணா. நான் செய்ததெல்லாம் காலி டிஸ்க். டி பற்றி எனக்குத் தோன்றவே இல்லை.

ஊத்தங்கரை_லினக்ஸ் | 9:31
விண்டோஸ் 10 எதற்கு? 2025 அக்டோபர் 14 அன்றே அதற்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. உங்கள் ஐ3 விண்டோஸ் 11 பட்டியலில் வராது, இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் கேட்கும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போடுங்கள், பழைய சிஸ்டம் பறக்கும்.

அரூர்_டிடிபி | 9:34
டாலி லினக்ஸில் நேராக ஓடாது. லோடு வருகிற நேரத்தில் அவரைப் புதிதாகப் பழகச் சொல்லாதீர்கள்.
மண்டிக்காரரே, இன்னொன்று. சி ஃபார்மட் ஆகிவிட்டதா? டெஸ்க்டாப்பில் ஏதாவது வைத்திருந்தீர்களா? டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் எல்லாம் சியில்தான் உட்கார்ந்திருக்கும்.

மண்டி_போச்சம்பள்ளி | 9:41
ஐயோ. விவசாயிகள் பட்டியல் எக்ஸெல்லில் டெஸ்க்டாப்பில் இருந்தது. பேங்க் கணக்கு எண்ணெல்லாம் அதில்தான். சியை ஃபார்மட் கொடுத்துவிட்டேனே, போய்விட்டதா?

அரூர்_டிடிபி | 9:50
பதறாதீர்கள். விண்டோஸ் போடும்போது நடப்பது குயிக் ஃபார்மட். அது பதிவேட்டைத்தான் கிழிக்கிறது, மூட்டை இன்னும் குடோனில் இருக்கிறது. மேலே புது மூட்டை ஏறும் வரை பழையதை எடுக்க வாய்ப்புண்டு. விண்டோஸ் ஏற்றினால் பல ஜிபி அதன் மேல் விழும், அப்புறம் கஷ்டம். அதனால் இந்த டிஸ்க்கில் இன்றைக்கு எதுவும் போடவே வேண்டாம்.
என் கடையில் ஒருமுறை ஒரு கல்யாண வீட்டு வேலை முழுக்க இப்படிப் போய், மறுபடி ராத்திரி முழுக்க அடித்துக் கொடுத்தேன். அந்த அவஸ்தை உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இவ்வளவு சொல்கிறேன்.
இப்போது செய்ய வேண்டியது: இன்ஸ்டால் ஸ்கிரீனில் ஷிப்ட், எஃப்10 அழுத்தி நோட்பேட் என்று அடியுங்கள். நோட்பேடில் ஃபைல், ஓப்பன் போய், கீழே ஆல் ஃபைல்ஸ் வையுங்கள். டிஸ்க்குகள் தெரியும். டாலி ஃபோல்டரை ரைட் கிளிக்கில் காப்பி செய்து இன்னொரு பென்டிரைவில் பேஸ்ட் செய்யுங்கள். டிரைவ் எழுத்து இங்கே மாறியிருக்கலாம், ஃபோல்டர் பெயரைப் பார்த்து எடுங்கள். முடிந்ததும் சிஸ்டத்தை அணைத்துவிடுங்கள். விடிந்ததும் கார்பன் வைத்த பில் புக்கில் எழுதுங்கள்.

ஓசூர்_சர்வீஸ் | 9:58
இதுதான் சரி. நாளை ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய டிஸ்க் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மட்டும் மாட்டி விண்டோஸ் போடுங்கள். காலி டிஸ்க் என்பதால் இதே பென்டிரைவில் இந்தப் பிழை வராது, அதுவே ஜிபிடியாக்கிக்கொள்ளும். அப்புறம் பழையதை ரெண்டாவதாக இணைத்து, அழிந்த கோப்பை மீட்கும் ரெகுவா மென்பொருளை ஓட்டுங்கள். மீட்டதைப் பழைய டிஸ்க்கிலேயே சேமிக்காதீர்கள். ஸ்லோ என்றீர்களே, டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் வருகிறதா?

காரிமங்கலம்_எலக்ட்ரிகல் | 10:02
சத்தம் வந்தால் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

அரூர்_டிடிபி | 10:06
பில் தலைப்பு பாமினியில் அடித்தது என்றால் அந்த ஃபாண்டையும் மறுபடி போட வேண்டும். இல்லாவிட்டால் இங்கிலீஷ் எழுத்தாகத் தாறுமாறாகத் தெரியும்.

பழைய_மதர்போர்டு | 10:11
இன்னுமா பாமினி? எல்லாச் சிஸ்டத்துக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்குத் தமிழக அரசே 2010இல் ஆணை போட்டாயிற்று. தமிழ்99 விசைப்பலகை 1999இலேயே வந்தது. பாமினியில் அடித்ததைப் போனுக்கு அனுப்பினால் யாராலும் படிக்க முடியாது. விண்டோஸோடு நிர்மலா ஃபாண்ட் வருகிறது, அதில் அடிக்கச் சொல்லுங்கள்.

அரூர்_டிடிபி | 10:19
யூனிகோடு நல்லதுதான், நானும் அதில்தான் இப்போது எழுதுகிறேன். ஆனால் அச்சகத்தில் வருகிற பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க பாமினி வேண்டும். இருபது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை வேலையை ஒரே நாளில் மாற்றித் தர ஆளில்லை.

பழைய_மதர்போர்டு | 10:23
மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. செய்ய மனமில்லை.

அரூர்_டிடிபி | 10:30
மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியாகப் பிழை பார்ப்பது யார்? ஒரு பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் கல்யாண வீட்டில் பதில் சொல்ல வேண்டியது நான்.

ஊத்தங்கரை_லினக்ஸ் | 10:34
லினக்ஸிலும் தமிழ்99 இருக்கிறது.

ஓசூர்_சர்வீஸ் | 10:36
ஃபாண்ட் சண்டைக்குத் தனி இழை திறங்கள். மண்டிக்காரரே, காப்பி ஆனதா?

மண்டி_போச்சம்பள்ளி | மறுநாள் இரவு 9:20
டாலி ஃபோல்டர் நேற்றே எடுத்துவிட்டேன். லோடுக்குக் கையால் சீட்டு எழுதினோம். கிருஷ்ணகிரி போய் எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸ் போட்டாயிற்று, பிழை வரவில்லை. ரெகுவாவில் பட்டியல் கிடைத்தது, ஆனால் போன மாதத்துக் காப்பி. புதிதாகச் சேர்த்த பதினோரு பேருக்குப் போன் செய்து கேட்க வேண்டும். டிக் டிக் சத்தம் வருகிறது, ரொம்ப நாளாகவே. அரூர் அண்ணாவுக்கும் ஓசூர் அண்ணாவுக்கும் நன்றி.

ஓசூர்_சர்வீஸ் | 9:26
ரொம்ப நாளாகவா! அந்த டிஸ்க்கை இனி எதற்கும் பயன்படுத்தாதீர்கள். டாலி காப்பி இன்னும் அந்த ஒரு பென்டிரைவில் மட்டும்தான் இருக்கிறதா?

பாலக்கோடு_தம்பி | 9:48
அண்ணா, ஆன்லைனில் இருக்கிறீர்களா?