அவசரமில்லாமல் ஆட ஒரு பழைய கேம் சொல்லுங்களேன்

வணக்கம். 1989-இல் வெளிவந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் டாஸ் பதிப்பை டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) போட்டு என் மகளுக்குக் காட்டினேன். நாயகன் ஓடிவந்து தாவி, விளிம்பைப் பிடித்துத் தொங்கி, உடம்பை இழுத்து மேலே ஏறுகிறானே, அதிலேயே சொக்கிப்போனாள். கேமை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டுப் படம்பிடித்து, அதைப் பார்த்து வரைந்த அசைவுகள் அவை. இன்றைக்கும் என்ன உயிரோட்டம்!

ஆனால் 60 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு அவளைப் பதற வைக்கிறது. லெம்மிங்ஸ் என்ற புதிர் கேமிலும் கடிகாரம் ஓடும், அதனால் வேண்டாம். நிதானமாக யோசித்து ஆடுகிற மாதிரி எது இருக்கிறது? 1990-இன் மங்கி ஐலண்ட் என்ற சாகசக் கேமை நினைத்தேன். அதில் வசனம் அதிகம், பத்து வயதுக்குச் சரிவருமா? நீங்கள் ஆடி ரசித்ததைச் சொல்லுங்கள், அப்புறம் அதில் எந்த இடம் பிடித்தது என்றும் எழுதுங்கள்.