லிப்ஸ் கருவிக்குத் தமிழ்ப் பெயர்: பொறியா, சுடரா, பிளாஸ்மாவா?

மடல் 1: மாமாங்கம் (சேலம்), கனிமப் பகுப்பாய்வு

குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளைக்கல்லை (மக்னசைட்டை) கையடக்க லிப்ஸ் கருவியால், அதாவது லேசரால் சுட்டு எழும் ஒளியிலிருந்து தனிமங்களை அறியும் கருவியால், சோதிப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு செய்முறைத் தாள் எழுதுகிறேன். தலைப்பிலேயே சிக்கல். "சீரொளி தூண்டு முறிவு நிறமாலையியல்" என்று எழுதினால் ஆங்கிலப் பெயரின் நான்கு சொற்களும் வந்துவிடும், பொருள் வராது. "முறிவு" என்றால் கல் உடைவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மின்னணுவியலில் செனார் டையோடின் மின்முறிவைப் படித்தவருக்கு மட்டுமே அது வேறாகப் படும்.

கருவியின் வேலை இது. சில மில்லிஜூல் ஆற்றலுள்ள லேசர்த் துடிப்பு, சில நானோ நொடிக்குள், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் சிறிய புள்ளியில் குவிகிறது. அந்த இடத்துக் கல் ஆவியாகி 10,000 கெல்வினைத் தாண்டிய பிளாஸ்மாவாகிறது. முதலில் வருவது வெறும் தொடர் நிறமாலை. அது தணியட்டும் என்று ஏறக்குறைய ஒரு மைக்ரோ நொடி பொறுத்தால் தனிமங்களின் வரிகள் தெளியும்: மக்னீசியத்துக்கு 279.55, 280.27, 285.21 நானோமீட்டர், சிலிக்கானுக்கு 288.16, கால்சியத்துக்கு 393.37.

எக்ஸ் கதிரால் தனிமங்களை அறியும் எக்ஸ்ஆர்எஃப் கருவி போதாதா என்று கேட்பார்கள். மக்னீசியத்தின் எக்ஸ் கதிர் 1.25 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். இடையிலுள்ள காற்றே பெரும்பகுதியை விழுங்கிவிடும். மிஞ்சி வருவதும் மேற்பரப்பின் சில மைக்ரோமீட்டர் ஆழத்திலிருந்துதான். கல்லில் செம்மண் பூசியிருந்தால் அளப்பது செம்மண்ணைத்தான்.

என் முன்மொழிவு "லேசர்ப்பொறி நிறமாலை". உருக்குச் சோதனையில் ஏற்கெனவே "ஸ்பார்க்" இருக்கிறது. அங்கே மின்பொறி, இங்கே லேசர்ப்பொறி.

மடல் 2: இரும்பாலைப் பகுதி, உலோகச் சோதனை

ஐயா, இணை நன்றாக இருக்கிறது. ஆனால் "லேசர்ப்பொறி" என்று சேர்த்துப் படித்தால் லேசர் இயந்திரம் என்றுதான் காதில் விழும். பொறியியல், பொறியாளர் என்று தினமும் சொல்லும் ஊரில் "பொறி" என்பது முதலில் இயந்திரம்தான். "தீ" சேர்ந்தால்தான் அது ஸ்பார்க். இங்கே தீ இல்லை, எதுவும் எரியவில்லை. ஆர்கான் சூழலிலும் இந்த வேலை நடக்கிறது என்பதே அதற்குச் சான்று.

ஆர்கானைப் பெயரில் சேர்க்க வேண்டாம், தாளில் கட்டாயம் சேருங்கள். துருப்பிடிக்கா உருக்கு வகைகளான 304-க்கும் 304எல்-க்கும் வேறுபாடு கார்பனில்தான். எல் வகையில் 0.03 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. எக்ஸ்ஆர்எஃப் கன்னால் கார்பனைப் பார்க்கவே முடியாது. லிப்ஸில் 193.09 நானோமீட்டர் வரி உண்டு, ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைத் தின்றுவிடும். அதனால் புள்ளியின் மேல் ஆர்கான் ஊத வேண்டும். காற்றிலேயே தெரியும் 247.86 வரியைப் பிடிக்கலாம் என்றால் உருக்கில் அதே இடத்தில் இரும்பின் வரி உட்கார்ந்திருக்கிறது.

தேய்க்கும் தாளையும் கவனிக்கச் சொல்லுங்கள். சிலிக்கான் கார்பைடு தாளால் தேய்த்தால் அதன் கார்பன் பரப்பில் ஏறி, எல் வகை சாதாரண 304 ஆகக் காட்டும். அலுமினா அல்லது சிர்கோனியா வட்டுதான் வேண்டும். தேய்த்த இடத்தில் விரல் படக் கூடாது.

மடல் 3: ஏற்காடு, நிலவியல்

"சுடர்" பொருந்தும் என்று நினைக்கிறேன். துடிப்பு பட்டதும் எழும் சிறு வெண்ணொளியைப் பார்ப்பவர் அதைச் சுடர் என்றே சொல்வார். "லேசர்ச்சுடர் நிறமாலை" சொல்லவும் எளிது.

"கையடக்க" என்பதை மட்டும் மூலப் பெயரில் சேர்க்காதீர்கள். கியூரியாசிட்டி ஊர்தியின் கெம்கேம் கருவி 2012 முதல் செவ்வாயில் 7 மீட்டர் தொலைவு வரையுள்ள பாறைகளை இதே முறையில்தான் படிக்கிறது. ஏற்காட்டு பாக்சைட்டுக்கும் அந்தப் பாறைக்கும் ஒரே பெயர் நிற்க வேண்டும்.

பாக்சைட்டில் ஒரு எச்சரிக்கை: அலுமினியத்தின் 396.15 வரியும் கால்சியத்தின் 396.85 வரியும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பிரிதிறன் குறைந்த கருவியில் ஒன்றின் வால் மற்றொன்றின் மேல் ஏறும். 394.40 வரியையும் சேர்த்துப் பார்த்தால்தான் அலுமினியம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

மடல் 4: கருப்பூர், வேதியியல்

சுடர் ஏற்கெனவே வேறிடத்துக்கு உரிமையான சொல். மண் பரிசோதனையில் பொட்டாசியம் அளக்கும் ஃப்ளேம் போட்டோமீட்டரைத்தான் சுடர் ஒளிமானி என்கிறோம். அது எரிவாயுச் சுடர், வெப்பம் சில ஆயிரம் கெல்வினுக்குள். அந்த வெப்பத்தில் சோடியம், பொட்டாசியம் போன்ற எளிதில் கிளர்வுறும் தனிமங்களே நன்றாக ஒளிரும். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் மாணவர் இரண்டையும் ஒரே முறை என்று எண்ணிவிடுவார்.

ஒளி பிறப்பது பிளாஸ்மாவில். அதையே பெயராக வைப்போம்: லேசர்ப் பிளாஸ்மா நிறமாலையியல். மின்காந்தத் தூண்டலால் பிளாஸ்மாவை மூட்டும் ஐசிபி முறைக்குத் தூண்டல் பிளாஸ்மா நிறமாலையியல் என்றால் இரண்டும் ஒரே குடும்பம் என்பதும், பிளாஸ்மாவை எது மூட்டுகிறது என்ற வேறுபாடும் பெயரிலேயே தெரியும். "பிளாஸ்மா" பள்ளியிலிருந்தே பழகிய சொல். இதற்காக "மின்மக் குழம்பு" என்று புதிதாக எதையும் கிண்ட வேண்டியதில்லை.

துணைச் சொற்களும் வேண்டும். துடிப்பு பொருளைத் தோண்டி ஆவியாக்குவது "லேசர் அகழ்வு", அது விட்டுச்செல்லும் பள்ளம் "சுடுகுழி". செல்ஃப் அப்சார்ப்ஷனுக்குத் "தன்னுறிஞ்சல்" போதும். வெள்ளைக்கல்லில் இந்தச் சொல் இல்லாமல் வேலையே நடக்காது. தூய மக்னசைட்டில் மக்னீசியம் ஆக்சைடு 47.8 சதவீதம். இவ்வளவு மிகுந்த இடத்தில் பிளாஸ்மாவின் நடுவில் பிறக்கும் 285.21 ஒளியை அதன் குளிர்ந்த விளிம்பிலுள்ள மக்னீசிய அணுக்களே உறிஞ்சிவிடும். வரியின் உயரம் செறிவுக்கேற்ப ஏறாமல் படுத்துவிடுவதால் நடுத்தரக் கல்லையும் உயர்தரக் கல்லையும் பிரிக்க முடியாது. 516.73, 517.27, 518.36 என்ற பச்சை வரிகளைப் பயன்படுத்துங்கள். அவற்றின் கீழ் ஆற்றல்மட்டம் அணுவின் அடிநிலை அல்ல என்பதால் தன்னுறிஞ்சல் குறைவு.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. வெள்ளைக்கல்லோடு வரும் டியூனைட் பாறையிலும் மக்னீசியம் மிகுதி, ஆனால் அது சிலிக்கேட். கார்பனேட்டும் சிலிக்கேட்டும் ஒரே அளவு அகழ்வதில்லை. அதனால் மக்னீசியம் சமமாக இருந்தாலும் ஒளி வேறாக வரும். கருவியோடு வரும் பொது அளவுத்திருத்தத்தை நம்பாமல், அதே சுரங்கத்துக் கற்களை ஈடிடிஏ கரைசலால் தரம்பார்த்தலில் (டைட்ரேஷனில்) அளந்து அவற்றையே ஒப்பிடும் திட்டக்கல்லாக வையுங்கள். இரும்பையும் அலுமினியத்தையும் ட்ரைஎத்தனால்அமீனால் மறைத்துவிட்டு, பி.எச். 10-இல் கால்சியம், மக்னீசியம் இரண்டும் சேர்ந்த அளவு. பி.எச். 12-க்கு மேல் கால்சியம் மட்டும். கழித்தால் மக்னீசியம்.

மடல் 5: மாமாங்கம், கனிமப் பகுப்பாய்வு

அம்மா, ஏற்றுக்கொள்கிறேன். முறைக்கு லேசர்ப் பிளாஸ்மா நிறமாலையியல், கருவிக்கு லேசர்ப் பிளாஸ்மா நிறமாலைமானி. "பொறி"யை விட்டுவிடுகிறேன். பட்டறையில் "கன்" என்றே அழைப்பார்கள், அதைத் தடுக்கத் தேவையில்லை. பதிவேட்டில் முழுப்பெயர் இருந்தால் சரி.

தாளின் பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

"கல்லை உடைத்துப் புதிய முகத்தை எடு. ஈரம் இருந்தால் உலர்த்து. ஒவ்வொரு புள்ளியிலும் தொடக்கத்தில் வரும் ஐந்திலிருந்து பத்துத் துடிப்புகள் தூய்மைக்கு மட்டுமே, அவற்றைக் கணக்கில் சேர்க்காதே. சுடுகுழி மிகச் சிறியது, ஒரு குழி ஒரு கல்லைச் சொல்லாது. குறைந்தது இருபது புள்ளிகளின் சராசரியை எடு. குவியலின் தரம் வேண்டுமானால் நொறுக்கி, நான்காகப் பகுத்து, 75 மைக்ரோமீட்டருக்குக் கீழே அரைத்து, வில்லையாக அழுத்து. தளர்ந்த பொடியை நேரே சுடாதே. பிளாஸ்மாவின் அதிர்வலை பொடியைச் சிதறடித்துக் கருவியின் கண்ணாடியை மூடும், அதன்பின் எல்லா வரியும் தாழ்ந்தே வரும்."

பாதுகாப்பு வரியைத் தலைப்புக்கு நேர் கீழே வைத்திருக்கிறேன்: "லேசர் 1064 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒளிக்குக் கண் தானாக இமைக்காது. அந்த அலைநீளம் குறித்த கண்ணாடி அணியாமல் விசையைத் தொடாதே. மூக்கு கல்லோடு முழுதும் பதியாமல் சுடாதே." "மூக்கு" என்று கருவியின் முன்முனையைச் சொல்கிறேன். வேறு சொல் இருந்தால் தாள் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.