சிங்கப்பூர் இருமொழிக் கல்வி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பொருந்துமா?

வேளிமலை:
சிங்கப்பூரில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டுத் தக்கலைக்குத் திரும்பியவன் நான். அங்கே கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில். தமிழ்ப் பிள்ளைக்குத் தாய்மொழிப் பாடம் தமிழ். 1966-ல் உயர்நிலைப் பள்ளியிலும் இரண்டாம் மொழியைக் கட்டாயமாக்கினார்கள். ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் தேர்வில் நாலு பாடத்தில் ஒன்று தாய்மொழி. மார்க் இருப்பதால் யாரும் ஒப்புக்குப் படிப்பதில்லை. இங்கே என் மகன் இங்கிலீஷ் மீடியம். இரண்டு மொழியும் அரைகுறை. அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன். மறுப்பு இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

கோட்டாறு டீச்சர்:
அண்ணே, பாதிக் கதையைத்தான் சொல்கிறீர்கள். 1979-ல் அங்கே துணைப் பிரதமராக இருந்த கோ கெங் சுவீயின் கல்விக் குழு அறிக்கை வந்தபோது, தேர்வு எழுதியவர்களில் பாதிக்கும் மேல் ஒரு மொழியிலோ இரண்டிலுமோ தோற்றிருந்தார்கள். 1982-ல் கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப்புலவர் பள்ளி மூடப்பட்டது. 1987-லிருந்து எல்லாப் பள்ளியும் ஆங்கிலவழி. வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்தான் என்றவர்கள் 2010-ல் 32.3 சதவீதம், 2020-ல் 48.3. பரீட்சையில் தமிழ் இருக்கிறது, அடுக்களையை விட்டுப் போகிறது. அதையா இங்கே கொண்டுவரச் சொல்கிறீர்கள்?

வேளிமலை:
டீச்சர், அங்கே தமிழர் சின்னக் கூட்டம். பள்ளியில் தமிழ் இல்லாமல் போயிருந்தால் இந்த அளவுகூட மிஞ்சியிருக்காது. ரூபாய் நோட்டு மாதிரி அவர்கள் டாலர் நோட்டிலும் தமிழ் உண்டு. ஆட்சிமொழி நாலில் ஒன்று தமிழ். அந்த மரியாதையைக் கண்ணால் பார்த்தவன் நான்.

களியக்காவிளை பால்வெட்டு:
அந்த மரியாதையைப் பற்றித்தான் நானும் கேட்க வந்தேன். எங்கள் வீட்டுப் பேச்சு மலையாளம். சிங்கப்பூரில் தமிழர் இருக்கும் இடத்தில் இந்த மாவட்டத்தில் நாங்கள் இருக்கிறோம். தமிழ்நாட்டில் 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி பள்ளிப் பாடத்தில் முதல் பகுதி தமிழ், இரண்டாவது ஆங்கிலம். எங்கள் மொழி நாலாவது பகுதி, அதுவும் விருப்பப் பாடம். அங்கே தமிழுக்கு மார்க் கேட்கும் அண்ணன் இங்கே மலையாளத்துக்கும் கேட்பாரா?

போன மாதம் என் மகள் இரண்டாம் வகுப்பு நோட்டைக் காட்டினாள். 'பாட்டியை ஓர்மை வந்தது' என்று எழுதியிருந்தாள். 'ஓர்மை'யைச் சிவப்பில் அடித்து மேலே 'நினைவு' என்று போட்டிருந்தது. "அம்மை சொல்லுவது தப்பா அப்பா?" என்று கேட்டாள். ராத்திரி மூன்று மணிக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போதும் அதே கேள்வி காதில் நின்றது.

கோட்டாறு டீச்சர்:
ஓர்மை இரணியல் பக்கத்துத் தமிழரும் சொல்லும் சொல்தான். அதை அடித்திருக்கக் கூடாது. ஆனால் இந்த மாவட்டம் தமிழகத்தோடு சேர 1954-ல் புதுக்கடையில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் போயிருக்கிறது. 1956 நவம்பர் 1-ல்தான் சேர்ந்தோம். தமிழ் முதலிடத்தில் இருப்பதை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

களியக்காவிளை பால்வெட்டு:
தமிழை இறக்கச் சொல்லவில்லை டீச்சர். மகள் தமிழ் படிக்கட்டும், நன்றாகவே படிக்கட்டும். 2005-ல் சிங்கப்பூரில் தமிழ்ப் பாடத்திட்டத்தைத் திரும்பிப் பார்த்தபோது, புத்தகத் தமிழை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்று பேச்சுத் தமிழையும் வகுப்புக்குள் விட்டார்கள். நான் அங்கிருந்து கேட்பது அது ஒன்றுதான். வீட்டுப் பேச்சில் தொடங்கட்டும், எழுத்துத் தமிழுக்கு அப்புறம் போகட்டும்.

வேளிமலை:
இது எனக்குத் தோன்றவே இல்லை. மலையாளத்துக்கும் மார்க் வேண்டும், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில்தான் என்பதில் மாற்றமில்லை.

கோட்டாறு டீச்சர்:
அதில் நான் ஒத்துவர மாட்டேன் அண்ணே. தமிழ்வழி வகுப்பில் பின்பெஞ்சுப் பிள்ளை எழுந்து "ஏன் டீச்சர்?" என்று கேட்கிறது. அதே பிள்ளை ஆங்கிலவழிக்கு மாறினால் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. திங்கட்கிழமை கரும்பலகையில் ஓர்மை, நினைவு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப் போகிறேன். பிள்ளைகள் வேறு என்னென்ன வீட்டுச் சொல் கொண்டுவருகிறார்கள் என்று இங்கேயே வந்து சொல்கிறேன்.