பொங்கலுக்கு ஊர்ப்பயணம், அங்கே ஃபுளூவாம்: போகலாமா?

வணக்கம் உறவுகளே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவை ஜனவரியில் மதுரை, பழனி கூட்டிப்போக டிக்கெட் போட்டாயிற்று. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே அவருக்குப் பழனி ஆசை. இப்போது அங்கே ஃபுளூ பரவுகிறது என்று வாட்சப்பில் வரும் ஒவ்வொரு செய்தியையும் சித்தி அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறார். அம்மா பெட்டியில் மடித்து வைத்த சேலைகளை மறுபடி அலமாரிக்கே கொண்டுபோய்விட்டார்!

இந்தியாவில் ஜனவரி முதல் மார்ச் வரை ஃபுளூ கூடுவது வழக்கம்தான். நம் நாட்டிலோ அது வருடம் முழுக்க இருக்கிறது. அதனால் எனக்குப் பயணத்தை நிறுத்த மனமில்லை. ஆனால் அம்மாவுக்கு வயது 68, இனிப்புநீர் (சர்க்கரை நோய்) வேறு. ஃபுளூ வந்தால் நிமோனியா வரை போகலாம் என்பதுதான் பயம். தடுப்பூசி வேலை செய்ய ஏறக்குறைய 2 வாரம் ஆகும், ஆகவே டிசம்பருக்குள் போட்டாக வேண்டும்.

இங்கே அரசாங்க கிளினிக்கில் வயதானவர்களுக்குப் போடுகிறார்களா, இல்லை ஈப்போவுக்குத்தான் போக வேண்டுமா? தனியாரில் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) ஆகும்? அப்புறம், தைப்பூச நெரிசலுக்கு முன்பே பழனியை முடித்துவிடலாமா? வயதானவர்களோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள். சித்திக்கு யாரும் அனுப்பிவிடாதீர்கள்.